கழிவு போக நிற்கும் லாபம்

தேயிலைத் தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் வெட்டப்பட்டு, வேலையிழந்து வெளியேறியவன் முத்துலிங்கம். இலங்கைப் பிரஜாவுரிமை இல்லை, உறவென்று சொல்ல இந்தியாவிலும் எவருமில்லை. ஹட்டனில் நஸார் முதலாளியின் தேயிலைக் கடையில் வேலையும் கடைக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்தன. அந்த அறையில்தான் அவன் மனைவி வேலாயி நிறைமாதமாக இருந்தாள்.

சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிறவர்கள் வரத் தொடங்கிய மார்கழியில் முதலாளி கொழும்புக்குப் புறப்பட்டார்.

"வெலயில நூத்துக்கு இருவது கழிவுன்னு போர்டு போடு. ஆனா கழிவு போகவும் நூத்துக்கு இருவது லாபம் நிக்கணும். வெளங்கிச்சா?"

"வெளங்குச்சுங்க முதலாளி."

நல்ல தேயிலைத் தூள் ஓர் இறாத்தல் எடை மூன்று ரூபாய், மட்டத் தூள் ஒன்றரை ரூபாய். நல்லது ஒன்றுக்கு மட்டம் இரண்டாகக் கலந்தால் இறாத்தலின் அடக்கவிலை இரண்டு ரூபாய். இருபது லாபம், இருபது கழிவு, ஆக நாற்பது என்று கூட்டி, இரண்டு ரூபாய் எண்பது சதம் என்று போர்டில் விலை எழுதிவிட்டான்.

கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் மத்தியானம் கல்லாவை எண்ணியபோது பணம் குறைந்திருந்தது. மறுபடி எண்ணினான். பிறகுதான் உறைத்தது: கழிவு கழிவது இரண்டு ரூபாயிலிருந்து அல்ல, எழுதிய விலையிலிருந்து. இரண்டு ரூபாய் எண்பதில் நூற்றுக்கு இருபது கழித்தால் கையில் இரண்டு ரூபாய் இருபத்துநாலு சதம். லாபம் நூற்றுக்குப் பன்னிரண்டுதான். மூன்று ரூபாய் என்று எழுதியிருக்க வேண்டும்.

இப்போது விலையை ஏற்றினால், ஏற்றிவிட்டுக் கழிவு கொடுக்கிறான் என்று எதிர்க்கடைக்காரன் ஊரைக் கூட்டுவான். வேலை போனால் அறையும் போகும்.

"மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே, என்னங்க?" என்றாள் வேலாயி.

"ஒண்ணுமில்ல" என்றான்.

ஒரு வழி தெரிந்தது. ஒன்றுக்கு மூன்றாக மட்டத் தூளைச் சேர்த்தால் அடக்கவிலை இறங்கும், லாபம் இருபதை நெருங்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் கலந்தான். கொதிநீர் ஊற்றிப் பார்த்தான். நிறம் கருத்திருந்தது, மணமே இல்லை, நாக்கில் கசப்பு மட்டும் நின்றது. யாராவது திரும்பி வந்து பொட்டலத்தை முகத்தில் எறிவதுபோல் தோன்றியது. அந்தக் கலவையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பழையபடியே விற்றான். கொழும்பு ரயில் ஊதும் போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தான்.

முதலாளி வந்திறங்கியதும், அவர் தொப்பியைக் கழற்றும் முன்பே விலைக் கணக்கில் விட்ட பிழையைச் சொல்லிவிட்டான். அவர் ஒதுக்கி வைத்த தூளை முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன?"

"மட்டத்தக் கூடப் போட்டுப் பாத்தேங்க. பயந்து நிறுத்திட்டேன்."

அவர் தூளைக் கீழே வைத்தார்.

"கணக்கு பிழைச்சதுக்குச் சம்பளத்துல வெட்டுவேன். இதுல ஒரு பொட்டலம் வெளிய போயிருந்தா, ஹட்டன்லயே ஒன்ன நிக்க விட்டிருக்க மாட்டேன்."

அந்த மாதம் பாதிச் சம்பளம்தான். தை பிறக்கும் முன் அதே அறையில் மகள் பிறந்தாள்.

முத்துலிங்கம் அந்தக் கடையிலேயே பல வருடம் இருந்தான். எழுதும் விலையிலிருந்து முதலில் கழிவைக் கழித்துப் பார்த்த பிறகே போர்டைத் தொடுவான். அப்படியும், முதலாளி அதை வாசித்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.