நசுங்காத தொட்டி

எங்கள் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பெரிய பொறியாளர். மெல்லிய தகட்டைக் கணினியில் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, பாரம் ஏறினால் எவ்வளவு வளையும் என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. தகடு அதிகம் வளைந்தால் வடிவமே மாறிவிடும். மாற மாறப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கோ அடிக்கடி பாதியில் படுத்துக்கொள்ளும். மாமாவுக்குப் பொறுமை ஏது? "கொஞ்சம்தான் வளையும்" என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதுவும் சமர்த்தாகத் தலையாட்டும். வீட்டில் அக்கா தலையாட்டுவதில்லை என்பதால் அவருக்கு அலுவலகம்தான் சொர்க்கம்.

உள்ளே காற்று குறைந்தாலும் தாங்கும் என்று அவர் எழுதிக்கொடுத்த பால் தொட்டி ஒன்று, பாலை வேகமாக உறிஞ்சி எடுத்ததும் காகிதக் குவளை மாதிரி கசங்கிப்போனது. பதறி ஓடிய மாமா, தொட்டிக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்தார். திரையில் தொட்டி ஜம்மென்று நின்றது.

"கணக்குப்படி இது நசுங்கவே இல்லைங்க," என்றார்.

பால் பண்ணை முதலாளியம்மா தொட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லதுங்க. நாளைக்கு வர்ற பாலை இதுக்குள்ளயே ஊத்திக்கறோம். லேப்டாப்பை வெச்சிட்டுப் போங்க."