பெஹாலாவில் கேட்டதை அலிப்பூரில் சொன்னேன்

புதன், முற்பகல் 11.40. முந்தைய நாள் காலை சென்னையில் ஏறிய ரயில் 1,660 கிலோமீட்டர் ஓடி ஹவுராவில் என்னை இறக்கிவிட்டது. பெஹாலாவுக்கு மஞ்சள் டாக்சிக்காரர் நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார். கிடர்பூரில் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே இருபது நிமிடம் நின்றபோது, என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று இந்தியில் விசாரித்தார். அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறேன், பல ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் வேலை பார்க்கும்போது ஒருவரையொருவர் புரிந்துகொள்வது எப்படி என்று வேஷம் கட்டி நடிக்க வைத்துச் சொல்லித்தருவேன் என்றேன்.

"அதுக்கு மதராஸ்லேர்ந்து ஆள் வரணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெஹாலாவில் என் கல்லூரித் தோழி மங்கை இருக்கிறாள். பாளையங்கோட்டையில் மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தோம். கணவர் சங்கருக்குத் துறைமுகத்தில் வேலை. எட்டு வருடங்களாகக் கொல்கத்தா. ஹோட்டலில் தங்கினால் பேச மாட்டேன் என்று போனிலேயே மிரட்டியிருந்தாள்.

மாலை ஆறு மணி. பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிர் பால்கனியில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி துணி எடுத்துக்கொண்டிருந்தார். மங்கை சட்டென்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"சண்டையா?"

"சண்டைன்னா பரவாயில்லயே. ரெண்டு வார்த்தை கத்திட்டு முடிஞ்சிரும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். எதிர்வீட்டு ஷர்மிளாவை அவள் 'பௌதி' என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி என்று அர்த்தம். நான்கு வருடத்துக்கு முன் ஷர்மிளாவின் மகளுக்கு முதல் சோறு ஊட்டும் விழா, முகேபாத். தாய்மாமன் மடியில் வைத்து ஊட்டுவது அவர்கள் வழக்கம். ஷர்மிளாவுக்கு உடன்பிறந்தான் இல்லை. அதனால் சங்கரை மாமனாக வந்து உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மங்கை, "தேக்கி" என்றாள். நம் ஊர்ப் 'பார்க்கலாம்'தான். ஷர்மிளா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். விழாவன்று மங்கை வீட்டைப் பூட்டிக்கொண்டு சங்கரோடு கிடர்பூரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டாள். பந்தலில் எல்லோரும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்களாம்.

"ஏன் போகல?"

"அந்த வாரந்தான் எனக்குக் கலைஞ்சு போச்சு. நாலு மாசம். ஊர்ல அம்மாகிட்டகூட சொல்லல. அந்த நெலமையில பச்சப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுத எடத்துல போயி எப்படி நிப்பேன், சொல்லு. பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"அப்ப எனக்குப் பெங்காலியில அவ்வளவு வார்த்தை கெடையாது. வார்த்தை வந்தப்போ நாள் போயிருச்சு. ஒரு நாள் சொல்லிருவேன் வசந்தி. மனசுக்குள்ள பெங்காலியில சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

பௌதிக்கு அலிப்பூரில் ஏதோ ஆபீஸ் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அலிப்பூரில் ஆபீஸ்களுக்கா பஞ்சம்? எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வியாழன், காலை 7.15. மங்கை அடுப்படியில் இருந்தாள். அவள் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து இரண்டு அட்டைகள் எழுதினேன். என் வகுப்பில் இரண்டு பேர் நடிப்பார்கள். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தெரியாத ஒரு காரணம் அட்டையில் இருக்கும். நடிப்பு முடிந்ததும் அட்டைகளை உரக்கப் படிப்போம். பழைய அட்டைகள் எனக்கே சலித்துவிட்டிருந்தன. பெயர்களை மாற்றினேன். தமிழ்ப் பெண்ணைத் தெலுங்குப் பெண்ணாக்கினேன். மாமன் மடியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கதையின் உயிரே அதில்தான் இருந்தது.

பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து மாஜேர்ஹாட் வரை மெட்ரோ, பத்து ரூபாய். அங்கிருந்து ஆட்டோ. வகுப்பில் இருபத்திரண்டு பேர். பெயர்ப்பட்டியல் கையில் இருந்தது. எஸ். தாஸ் என்று அதில் மூன்று பேர்.

பிற்பகல் 2.30. சீட்டு குலுக்கியதில், அழைக்கும் பெண்ணாக நடிக்க எழுந்து வந்தவர் கஞ்சி போட்ட நூல் புடவை கட்டிய ஒரு தாஸ். காலை முழுவதும் எல்லோரையும் சிரிக்க வைத்தவர். அட்டையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். எதிரே அழைக்கப்பட்டவளாக நடித்த ஒடியாக்காரப் பெண்ணைப் பார்த்து, அட்டையில் இல்லாததையெல்லாம் இந்தியில் பேச ஆரம்பித்தார்.

"பாயசம் ஆறிப்போச்சு. ரெண்டு தடவை வந்து உன் கதவைத் தட்டினேன். பூட்டு தொங்குச்சு. என் மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமா? வெளியூர்க்காரங்களை நம்பினா இப்படித்தான்னு."

அருமையாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மற்ற அட்டையைப் படிக்கச் சொன்னேன். ஒடியாக்காரப் பெண் படித்தாள். கலைந்த நான்கு மாதக் கரு, சொல்ல முடியாத துக்கம், பிள்ளைக்கு ஆகாது என்ற பயம்.

"இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று தாஸ் என்னைக் கேட்டார்.

"கற்பனை" என்றேன்.

"அந்தப் பொண்ணு பெஹாலாவுல இருக்கா, இல்லையா?"

டீ இடைவேளை என்று அறிவித்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த தீர்வு அதுதான். இடைவேளைக்குப் பிறகு அவர் நாற்காலி காலியாக இருந்தது.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். மங்கை அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள், சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆறே முக்காலுக்கு மணி அடித்தது. ஷர்மிளா ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"ஆமி ஜான்தாம் நா" என்றார். எனக்குத் தெரியாமல் போயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் பேச முடியாமல் மங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். மங்கையும் அழுதாள். ஆனால் அதற்குமுன், அவர் தோளுக்கு மேலாக, ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

அழுகை ஓய்ந்ததும் வகுப்பில் நடந்ததை ஷர்மிளா மங்கையிடம் சொன்னார். அவர்கள் போனபின் நான் வாயைத் திறந்தேன். "நல்லதுதானே நடந்திருக்கு, மங்கை?"

"நல்லதுதான். நாலு வருஷமா என் வாயால சொல்லணும்னு வச்சிருந்தேன். இருபது பேருக்கு முன்னால எவளோ வாசிச்சு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "அடை ஆறுது. சாப்பிடு."

வெள்ளி. ஷர்மிளா வகுப்புக்கு வந்தார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழைய அட்டைகளை வைத்து வகுப்பை முடித்தேன்.

சனிக்கிழமை காலை புளியோதரை கட்டிக் கொடுத்து, டாக்சி வரை வந்து, "போயிட்டு வா" என்றாள் மங்கை. மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றாள். ஹவுரா வரை பன்னிரண்டு கிலோமீட்டர். ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை.

சென்னையில் என் வீட்டு எதிர்க் கதவுக்குப் பின்னால் இருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக அங்கே குடியிருக்கிறேன். மங்கைக்கோ எதிர்வீட்டில் ஓர் அண்ணி இருக்கிறார். இந்த வருடம் துர்கா பூஜைக்கு அவர்களோடு பந்தல் பந்தலாகச் சுற்றினாளாம். இதைச் சங்கர்தான் சொன்னார். அவளிடம் மாதம் ஒருமுறை பேசுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். "நல்லா இருக்கோம்" என்பாள். அதற்கு மேல் என்னிடம் அவள் எதுவும் சொல்வதில்லை.