என் இதயத்தைப் படமெடுத்த நாள்

உதியன்குளங்கரையில் நானும் கணவரும் மாவு மில் நடத்துகிறோம். மிளகாய் பொடிக்கிற இரைச்சலில் என் நெஞ்சு தாளம் தப்புவதை நான் கவனிக்கவே இல்லை. மதியம் இடதுபக்கம் சாய்ந்து படுத்தபோதுதான் தெரிந்தது. நாலைந்து துடிப்பு ஒழுங்காக வரும், ஒன்று விட்டுப்போகும், அடுத்தது உதைக்கும்.

நெய்யாற்றின்கரை டாக்டர் இ.சி.ஜி., எக்கோ எல்லாம் பார்த்தார். இதயத் தசையில் பழைய தழும்போ வீக்கமோ இருந்தால் எக்கோவில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பயப்பட வேண்டுமா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார்.

"எம்.ஆர்.ஐ. தலைக்கும் முதுகுக்கும் எடுக்கதாக்கும். நெஞ்சு ஆடிக்கிட்டே கெடக்குது, படம் எப்பிடி விழும்?" என்றார் கணவர். பயத்தில் கேட்டாலும் நல்ல கேள்விதான்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார் நர்ஸ். வளையலும் கம்மலும் சுலபமாக வந்துவிட்டன. சர்ச்சில் இட்ட கல்யாண மோதிரம்தான் வரவில்லை. நர்ஸ் சோப்பு போட்டார். கணவர், "நான் ஊரிப் பாக்கேன்" என்று மில் பெல்ட்டை இழுக்கிற மாதிரி இழுத்தார்.

"இடும்போ இவ்வளவு பாடு படல்லியே நீங்க," என்றேன்.

கடைசியில் நர்ஸ் என் விரலில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழற்றி, மோதிரத்தைக் கணவர் கையில் கொடுத்தார்.

குழாய் போன்ற எந்திரத்துக்குள் டப்டப் என்று ஒரே சத்தம். உள்ளே நிறையப் பேர் பயப்படுவார்களாம். எங்கள் மில்லைவிட அது அமைதிதான். காதில் ஒரு பெண்குரல், மூச்சை இழு, பிடி, விடு என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. துடிப்பு தப்பும்போதெல்லாம் படம் கலங்கியது.

"சேச்சி, ஹிருதயம் எடைக்கொன்னு சாடுன்னுண்டு. ஒன்னூடி எடுக்காம், கேட்டோ." நெஞ்சு நடுநடுவே துள்ளுகிறதாம், இன்னொரு முறை எடுக்கலாமாம்.

"நான் சொன்னா அது கேக்காது மோளே," என்றேன். அவள் சிரித்தது காதில் கேட்டது. தழும்பு தெரிவதற்காகக் கையில் மருந்து ஏற்றி, மறுபடியும் எடுத்தாள்.

வெளியே வந்தால் கணவர் இடதுகையை மடியில் மறைத்து உட்கார்ந்திருந்தார்.

"தொலஞ்சு போவுமேண்ணு சுண்டுவிரல்ல இட்டு வச்சேன். இப்ப வரமாட்டேங்கு."

அதே நர்ஸ் அதே நூலோடு மறுபடி வந்தார். "ரெண்டுபேரும் கொள்ளாம்," என்று மட்டும் சொன்னார், நல்ல ஜோடிதான் என்கிற மாதிரி.

அடுத்த வாரம் டாக்டர் கணினியில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் இதயம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. தழும்பும் இல்லை, வீக்கமும் இல்லை. இந்தக் கூடுதல் துடிப்புகளால் ஆபத்து இல்லை, மாத்திரை ஒன்று போதும் என்றார். கணவர் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"நல்லாத்தான் வேல செய்யுது," என்றார், டாக்டரிடம் இல்லை, படத்திடம்.

திரும்பும் பஸ்ஸில், மீன் விற்று முடித்துப் பொழியூருக்குப் போகிற அம்மா ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். கேட்காமலே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார் கணவர். "இவளுக்க நெஞ்ச நான் கண்ணால கண்டேன். ஒரு கொறையும் இல்ல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அப்ப இனி பேடிக்காம வழக்கு பிடிக்கலாம் மக்கா, இவருகிட்ட."

உதியன்குளங்கரை வருவதற்குள், இரவுக்கு மத்தி மீனா நெத்தோலியா என்று நாங்கள் சண்டையை ஆரம்பித்துவிட்டோம்.