மில் கூடத்தைத் திறந்த நாள்

எங்கள் ஊர் பழைய மில்லை எல்லோருக்கும் பொதுவான கூடமாக மாற்றியதைப் பற்றி யாராவது மேடையில் பெருமை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாற்றியது யார்? மாலை போட்டுக்கொண்டவர்களா? விளக்குமாறு பிடித்தது நாங்கள். அதிலும் முக்கால்வாசி அக்கா.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. அவள் கடலோரக் குப்பத்துக்காரி. நான் ரோட்டுக்கு மேற்கே, விவசாயத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். நூல் மில்லில் கோன் சுற்றும் இடத்தில் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது பஞ்சு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுப்பேன். அவ்வளவு நேரமும் அக்கா இரண்டு மிஷினுக்கும் ஓடி ஓடி அறுந்த நூலை முடிச்சுப் போடுவாள். சூப்பர்வைசர் கேட்டால், பாத்ரூம் போயிருக்கிறாள் என்று வாய் கூசாமல் பொய் சொல்வாள். என் பெண் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

மில் மூடியதும் இரண்டு பேரும் உப்பளத்துக்குப் போனோம். மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டும். குப்பத்துக்காரர்களுக்கு அதற்கும் வழியில்லை, பக்கத்துக் கழுவெளி ஏரி நிரம்பினால் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மில் மட்டும் மேட்டில் காய்ந்து கிடந்தது. மிஷினையெல்லாம் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டுக் கட்டடத்தை ஊருக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அக்கா அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தாள். மழைக்காலத்தில் பெண்கள் உட்கார ஓர் இடம் வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், புயல் வந்தால் ஒதுங்க வேண்டும் என்றாள். உங்கள் தெருவுக்குக் கோயில் வேறு, எங்களுக்கு வேறு, நாம் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்ற ஒரே இடம் அந்த மில்தானே என்று கேட்டாள். மறுநாளே இரண்டு பக்கத்துப் பெண்களும் அரிவாளோடு கிளம்பினோம்.

சீமைக்கருவேலத்தை வெட்டி வழி செய்யவே நாள் கணக்கில் ஆனது. உள்ளே உத்தரத்தின் மேல் அத்தனை வருடத்துப் பஞ்சுத் தூசியும் புறா எச்சமும் கெட்டியாகப் படிந்திருந்தன. தட்டினால் மூச்சு முட்டும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் செய்தோம். அக்காவுக்கு மில் நாளிலிருந்தே இருமல். நீ வெளியே நில்லு என்றால் கேட்கிற ஜென்மமா அது?

வேலை முடியும் தறுவாயில் ஆண்கள் வந்து கமிட்டி போட்டார்கள். தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் பழைய சூப்பர்வைசர்தான். மில் ஓடிய காலத்தில் ஷிப்ட் முடியும்வரை எங்களை உள்ளே வைத்துப் பூட்டியவர், இப்போது வெளியே நிற்க வைத்துப் பூட்டினார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால்தான் கரண்ட் பில் கட்ட முடியும் என்று கணக்குச் சொன்னார். நல்ல காரியங்களுக்கு மட்டும் என்று வாசலில் பெயிண்டில் எழுதினார்கள். அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள், எடுபடவில்லை. அங்கே முதல் கல்யாணமே என் பெண்ணுடையது என்று முடிவானபோதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கார்த்திகையில் முகூர்த்தம். அதற்கு முந்தின வாரம் மழை விடவே இல்லை. அக்காவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன மறுநாளே முடிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் பகல் நேரத்தில்தான் வந்தது. வந்து எங்கே இறக்குவது? குப்பத்தில் அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சுடுகாட்டு வழியில் இடுப்பளவு. அவளுடைய ஒரே மகன் சென்னையிலிருந்து கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டிருந்தான், மறுநாள்தான் வந்து சேர முடியும். அதுவரை அவளை வைக்க ஒரு காய்ந்த தரை வேண்டும். டிரைவர் அடுத்த கேஸுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார். குப்பத்து ஜனம் வண்டியை மில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. சேதி கேட்டு நானும் என் பெண்ணும் தலையில் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு ஓடினோம். என் வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை வைக்க வானூர் பக்கம் போயிருந்தார்.

தலைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்ததும் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார்.

"ஏம்மா, இங்க மொதல்ல நடக்கப் போறது உன் பொண்ணு கல்யாணம். நாளைக்கு என்னைக் கேக்கக்கூடாது. நீயே சொல்லு, தொறக்கலாமா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்கள். வண்டிக்குள் அக்காவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நனைந்து போயிருந்தது. எனக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

"தொறங்க சார்" என்றேன்.

எங்கள் மிஷின்கள் இருந்த இடத்திலேயே படுக்க வைத்தோம். மறுநாள் மகன் வந்து பார்த்து அழுது எடுத்துக்கொண்டு போகும்வரை குப்பமும் எங்கள் தெருவும் அங்கேதான் கிடந்தன. சமைத்து எடுத்துவந்து எல்லோருக்கும் போட்டார்கள். ஒருவரும் யார் வீட்டுச் சோறு என்று கேட்கவில்லை.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போய்விட்டது. பிணம் கிடந்த இடத்தில் தன் பிள்ளை தாலி கட்ட மாட்டான் என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாகக் கேட்டார். கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஊரார் பிணத்தை உள்ளே விட்டவர்கள் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னிடம் பேசவே பொங்கல் ஆகிவிட்டது. என் பெண் பாண்டி ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சாப்பாடு, பஸ், சம்பளம் இவற்றைத் தவிர என்னிடம் வேறு பேச்சில்லை. கல்யாணம் நின்ற கோபம் என்று நினைத்தேன். பெற்றவள் மேல் கோபப்படட்டும், எத்தனை நாளைக்கு என்று நானும் வீம்பாக இருந்தேன்.

அதன் பிறகு அந்தக் கூடத்தில் கல்யாணம் வைக்க யாரும் வரவில்லை. தலைவர் சாவியை என் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த மழையில் குப்பத்திலிருந்து இரண்டு பேர் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்கள். யாரோ இறந்துவிட்டார், வைக்க இடமில்லை. நான் எழுவதற்குள் லீவில் வீட்டிலிருந்த என் பெண் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர்கள் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு உன் பின்னாலதாம்மா நின்னுக்கிட்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். "நானும் தொறன்னுதான் சொல்லியிருப்பேன்."