எங்களையும் ஆட வைத்த படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு படக் கம்பெனி நடத்தினோம். எங்கள் தீவின் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மசாலாக் கடைக்கு மேல்மாடி அறை. ஓராங் அஸ்லி மக்களை, அதாவது இந்த மண்ணின் பூர்வகுடிகளை, அவர்கள் பார்வையிலேயே படமெடுப்பது எங்கள் எண்ணம். கீழே மிளகாய் அரைக்கும் நாட்களில் நான் தும்மிக்கொண்டே படத்தை வெட்டி ஒட்டுவேன்.

இயக்குநர் அந்தப் பூர்வகுடிகளில் செமாய் இனத்துப் பெண். அவள் கிராமம் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவாள். யாழ்ப்பாண வழிவந்த குமாஸ்தா வீட்டுப் பெண்ணான என்னைவிட வேகமாகவே பேசுவாள். தீவின் பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள், தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் கேமராக்காரர் பின்னாலேயே சுற்றி, ஒருமுறை கேமராவைப் பிடித்துப் பார்க்கக் கேட்டாள். அந்தப் பழக்கம்தான் கம்பெனியானது. அந்தக் கேமராக்காரர் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாம்காரர், வயதில் மூத்தவர் என்பதால் எங்கள் இருவருக்கும் அண்ணன். கல்யாண வீடியோ எடுத்து அவர்தான் எங்களைத் தாங்கினார்.

முதல் படம் அவள் கிராமத்தைப் பற்றியது. மேலே மரம் வெட்டத் தொடங்கியதிலிருந்து ஆறு சேறாகியிருந்தது. அவள் அம்மா ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, அது தெளியட்டும் என்று காத்திருக்கும் காட்சியை வெட்டாமல் நீளமாக விட்டிருந்தேன்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வந்து பார்த்தார். அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. வாங்கிக்கொள்கிறோம், ஆனால் தலையில் ஓலை கட்டி ஆடும் ஆட்டம் ஒன்றைச் சேர்த்துத் தாருங்கள், இல்லாவிட்டால் இவர்கள் யாரென்றே பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்றார்.

அவர் போனதும் அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஆளுங்க ஆடுவாங்கதான் லா. ஆனா, வேடிக்கை காட்டவா ஆடுறாங்க?" என்றாள்.

"டிவியில வந்தாத்தானே அந்த ஆத்தப் பத்தி நாலு பேருக்குத் தெரியும், தங்கச்சி. ரெண்டு நிமிஷ ஆட்டம்தானே," என்றார் அண்ணன்.

இரண்டு பேச்சிலும் எனக்கு நியாயம் தெரிந்தது. கடைசியில், கிராமமே முடிவு சொல்லட்டும் என்றாள் அவள். அண்ணனுடைய காரில் மலையேறினோம்.

ஊரார் கூடிப் பேசினார்கள். நடுநடுவே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் எதையும் மொழிபெயர்க்காமல் உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் அம்மா எங்களைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அதை மட்டும் அவள் தமிழில் சொன்னாள்.

"விருந்தாளி வந்தா ஆடுறது வழக்கந்தானாம். ஆனா விருந்தாளி சும்மா உக்காந்து பாக்கக் கூடாதாம், அண்ணே. நீங்களும் அக்காவும் சேந்து ஆடணுமாம்."

எங்கள் தலையிலும் ஓலை கட்டினார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூங்கில் குழாய்களைக் கட்டையில் தட்டத் தொடங்க, கேமராவை அவள் வாங்கிக்கொண்டாள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் காவடிக்கு முன் ஆடிப் பழகியவர் அண்ணன். இந்தத் தாளம் அவர் காலுக்குப் பிடிபடவே இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அதுவரை எங்குமே ஆடியதில்லை. வெட்கத்தில் நின்ற என் மணிக்கட்டைப் பிடித்து அவள் அம்மா இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் கேமரா இருப்பதே மறந்துபோயிற்று.

அதைப் பார்த்துத் தயாரிப்பாளரும் சிரித்தார். பிறகு, உங்கள் இரண்டு பேரையும் மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள் என்றார். அவள்தான் மறுப்பாள் என்று நினைத்தேன். முந்திக்கொண்டவர் அண்ணன்.

"அவங்க எங்களுக்கு ஆடிக் காட்டல சார், எங்களோட ஆடுனாங்க. எங்கள வெட்டிட்டா அது வேற ஆட்டமாப் போயிடும்."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தொலைக்காட்சி அந்தப் படத்தை வாங்கவில்லை. நாங்களே மண்டபம் மண்டபமாகக் கொண்டுபோய்ப் போட்டோம். பாகான் டாலாமில் அண்ணன் ஆடுவதைப் பார்த்து அவருடைய சொந்தக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்து அந்த வாளி வந்தபோது சத்தமே இல்லை.

பிறகும் சில படங்கள் எடுத்தோம். ஒரு நாள் அவள், ஊருக்குத் திரும்பி அங்குள்ளவர்களை வைத்தே படமெடுக்கப் போவதாகச் சொன்னாள். அண்ணன் தன் வருத்தத்தை மறைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும், நாங்கள் தொடங்கிய வேலை சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.