சாம்பிராணிப் புகையில் போன முத்து

மலாயாவில் பெம்பான் பக்க ரப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி நான். சீமைக்குப் போன துரை தம் பீக்கினீஸ் நாயை என்னிடம் விட்டுப்போனார். சப்பை மூக்கு, தரையைத் தொடும் மயிர், மடிக்குள் அடங்கிவிடும். முத்து என்று கூப்பிட்டேன். நாய் வளர்ப்புப் புத்தகமொன்றை ஆவலோடு பாதிவரை படித்தேன். குளிப்பாட்டினால் ஈரம் நிற்கக்கூடாது என்றிருந்தது.

சனிக்கிழமை குளிப்பாட்டி, தலைமுழுகினால் நமக்குச் செய்வதுபோலவே கவிழ்த்த கூடைக்குள் தணலில் சாம்பிராணி போட்டு, மேலே முத்துவைக் கிடத்தினேன்.

"அதுக்கு மூச்சு முட்டுது, விட்டுடுண்ணே!" என்றாள் தங்கை சரசு.

"புத்தகம் படிச்சது நீயா, நானா?"

மயிர் காய்ந்தபோது நாக்கு நீலம் பாரித்திருந்தது. என் மடியிலேயே அடங்கிவிட்டது. சப்பை மூக்கு நாய்க்குப் புகையே ஆகாதென்று, பிறகு படித்த மறுபாதியில் இருந்தது.

இப்போது தோட்டத்தில் யார் நாயைக் குளிப்பாட்டினாலும் துண்டோடு ஓடுகிறேன். சரசுவும் தலைமுழுகினால் வெயிலில்தான் காயவைக்கிறாள், சாம்பிராணி கேட்பதில்லை.