வளைகாப்புக்குப் பின் எடுத்த ரத்தம்

பெரம்பலூர் சுற்றுக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவந்த தொண்டு நிறுவனத்தில் நான் டாக்டர். அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற கேள்வி எங்கள் மேசைக்கு வந்தபோது எனக்கு ஆறு மாதம். நம் பக்கம் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, பலன் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். நானும், புள்ளிவிவரம் பார்க்கும் சாரும்தான்.

பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த ஆய்வுக் கட்டு இரண்டு விதமாகப் பேசியது. சில ஆய்வுகளில் ரத்தம் நன்றாக ஏறியிருந்தது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. சார் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டார். பெரிதாகப் பலன் இல்லை என்று வந்தது.

“அவ்வளவுதாம்மா, எழுதிடலாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன் இப்படி மாறுதுன்னு தெரியாம சராசரி போடாதீங்க சார்,” என்றேன். காரணம் எனக்கும் தெரியாது. ஆனால் இருக்கிறது என்று தெரியும்.

ஏழாம் மாதம் அரியலூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அன்றே அந்த ஆய்வுக் கட்டையும் தூக்கிக்கொண்டு செட்டிகுளத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். சில வாரம் கழித்து அந்த ஊர் நர்ஸ் எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

“என்னங்க டாக்டரம்மா, இவ்ளோ கொறஞ்சிருக்கு? மாத்திர போடுறீங்களா இல்லியா?”

போடவில்லை. மாத்திரை அரியலூர் அலமாரியில் இருந்தது. பட்டுப்புடவை, வளையல், மிச்சமான புளிச்சாதம்வரை கட்டிக்கொண்டு வந்தவள் அதை விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மாலையே கட்டைப் பிரித்தேன். பலன் காட்டிய ஆய்வுகள் ஆறாம் மாதத்துக்குள் கடைசி ரத்தம் எடுத்தவை. காட்டாதவை பிரசவத்தை ஒட்டி எடுத்தவை. மாத்திரை கொடுத்ததோ எல்லாருக்கும் புகுந்த வீட்டில். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவர்களும் என்னைப் போல அதை அங்கேயே விட்டிருப்பார்கள்.

போன் போட்டேன். சார் லேசில் மசியவில்லை.

“முடிவப் பாத்துட்டு அப்பறம் தேடுன காரணம்மா இது. மொதல்லயே எழுதி வச்சிருந்தா ஒத்துக்குவேன்.”

“நானே சாட்சி சார்.”

“நீங்க ஒரு ஆளும்மா. ஆய்வு இல்ல.”

அவர் சொன்னது நியாயம். என் ஊகத்தை ஊகம் என்றே எழுதினேன். ஆனால் சராசரியை அடித்துவிட்டேன். இந்த ஆய்வுகள் ஒன்றாகக் கூட்டத்தக்கவை அல்ல, தாய்வீட்டில் அந்தப் பெண்கள் மாத்திரை போட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை, அதைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று முடித்தேன். சாரும் கையெழுத்துப் போட்டார்.

நிறுவனம் மாத்திரையை நிறுத்தவில்லை. விட்டுப்போன வாரங்களுக்கு எனக்குத்தான் பிரசவத்தில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.